கேள்வி எண் பதினேழு

கல்லுக்கட்டியில்
பாத்திரக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில்
எட்டடிக்கு ஆறடி, என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய்.
ஆட்டிசம் பிள்ளைகளின் தாள் என்றால் இலவசம்.
போர்டில் எழுதவில்லை.
தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து ஜெசிந்தா வந்தாள்,
அறுபத்து நான்கு கேள்விகளோடு.
ஆராய்ச்சிக்கா, பேர் வராது, நம்பர்தான் என்றாள்.
ஒன்பது வயது உமையாள்
முப்பத்தொன்று ஆனாள்.

எப்போதும். சில நேரம். ஒருபோதும் இல்லை.
மூன்று கட்டம், ஒரு டிக்.
பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறாளா?
உமையாள் என்று கூப்பிட்டால், இல்லை.
மெஷின் மூடியைத் தூக்கும் சத்தத்துக்கு
மாடியிலிருந்தாலும் இறங்கி வருவாள்.
பச்சை வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போகும்வரை
மூச்சு விடமாட்டாள்.
இதை எந்தக் கட்டத்தில் போட?

பதினேழு:
பொம்மைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதுபோல்
பாவனை செய்து விளையாடுகிறாளா?
எங்கள் வீட்டில் பொம்மைக்கு யாரும் டீ கொடுத்ததில்லை.
எனக்கே கொடுத்ததில்லை,
நானே போட்டு நானே குடிப்பேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
எந்த ஊர்ப் பிள்ளைக்கு எழுதிய கேள்வி இது என்றேன்.
பேனாவை மூடி வைத்தாள்.

பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் வராதும்மா,
என்றார் முதல் டாக்டர்.
வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.
செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க, இரண்டாமவர்.
சிவகங்கை போர்டில்
உமையாள் மின்விசிறியைப் பார்த்தாள்,
அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள்,
முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதினார்கள்.
நாற்பது இருந்தால்தான் பஸ் பாஸ்.
குறைந்த அந்த இரண்டு
இவள் உடம்பில் எங்கே இருக்கிறதென்று
மதகுபட்டி வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.
ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கியபின்
ஏழு குடும்பம் உள்ளே குனிந்து வரும்.
புதுவயல் சாகுல் வருவார்.
அவர் மகனுக்கு அரிசி ஆலை ஓடினால்தான் தூக்கம்,
கரண்ட் போன ராத்திரி தெருவுக்கே சிவராத்திரி.
கோகிலவாணி வருவாள், கையில் கடித்த தழும்போடு,
சமையலில் சுட்டது என்று ஆபீசில் சொல்லியிருக்கிறாள்.
இங்கே சொல்ல வேண்டியதில்லை.
மனு எழுதுவோம். மறு மனு எழுதுவோம்.
நகலுக்குக் குறைவில்லை.

அம்மன் தேர் வரும்போது
எங்கள் தெருவில் மட்டும் நாற்பது எட்டு
மேளத்தை நிறுத்தச் சொல்லி ஒரு மனு.
சாமிக்கு முன்னால நிறுத்தவா, என்றது கமிட்டி.
தேரும் வந்தது.
தெருமுனையில் தவில்காரர்
குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.
யார் சொன்னார்களோ. என் பக்கம் பார்க்கவேயில்லை.
எண்ணினேன்: இருபத்தாறு எட்டு.
மேசைக்கடியில் காதைப் பொத்தியிருந்த உமையாளுக்கு
அது தெரியாது.

ஆவணியில் ஜெசிந்தா மறுபடி வந்தாள்.
பதினேழில் பொம்மை இல்லை, டீ இல்லை.
உங்கள் பிள்ளை எப்படி விளையாடுகிறாள், எழுதவும்.
கீழே ஒரே ஒரு கோடு.
கோடு போதாமல்
ட்ரேயிலிருந்து தாள் உருவினேன்.
அதற்குள் இவள் மூடியைத் தூக்கி
கண்ணாடியில் கையை வைத்துப்
பட்டனை அமுக்கிவிட்டாள்.
ஐந்து விரல், அழுக்கு நகம்,
ரேகையெல்லாம் கறுப்பாக, சூடாக வெளியே வந்தது.

அதையும் சேர்த்துப் பின் அடித்தேன்.
இதை எப்படிக்கா கணக்குல ஏத்துறது, என்றாள் ஜெசிந்தா.
அது உன் பாடு.
மூணு பக்கம், ஆறு ரூபாய் எடு என்றேன்.
ஆராய்ச்சிக்கு இலவசம் கிடையாது.